மாப்பிள்ளை பேர் இல்லாத பத்திரிகை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஐந்தாவது, பிரசவத்தில் கண்ணை மூடிய என் கொழுந்தனார் மனைவி விட்டுச் சென்றது. ஐந்து பேருக்கும் ஒரே சோறு, ஒரே அடி. மாங்காய் திருடியதற்கெல்லாம் நான் கை நீட்டியதில்லை. பொய்க்கு நீட்டியிருக்கிறேன். "பொய் சொன்ன வாய்க்கு இந்த ஊட்டுல சோறு கெடையாது" என்று ஒருவேளை பட்டினியும் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் விசேஷத்துக்குக் கூடினால் ஐவரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்து முடித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஏன் போகிறேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

சொல்வது நான். நோட்டில் எழுதுவது என் மகள் வயிற்றுப் பேத்தி. நான் ஒரு பேச்சை முடித்து அடுத்த பேச்சுக்கு வருவதற்குள் அவள் இரண்டு தடவை செல்போனைப் பார்த்துவிடுகிறாள். "வெரசலாச் சொல்லுங்க அம்மாயி" என்கிறாள். வெரசலாகச் சொல்கிற காரியமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்க மாட்டேனா? என் பேச்சைப் புத்தகத் தமிழில் மாற்றி எழுது, யார் பேரும் போடாதே என்று மட்டும் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் துரவு இருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். மூன்றாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்துகள் தெரியும். கூட்டிப் படிக்க நேரமாகும். பஸ் போர்டை நான் படித்து முடிப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிடும். எண்கள் நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போடுவேன், அதுவும் அழகாகப் போடுவேன். அதைப் பார்த்தவர்கள் இவள் எட்டாவதாவது படித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் இல்லை என்று சொன்னதில்லை.

கிணறு வற்றியதும் திருப்பூருக்கு வந்தோம். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன், மடித்தேன், பிறகு செக்கிங்குக்கு ஏறினேன். என் கண் நல்ல கண். துணியில் ஒரு கண்ணி விட்டிருந்தால் தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். அதைப் பார்த்துத்தான் எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி ஒருநாள் கேட்டார். அவர் என்னைவிட நிறைய இளையவர்.

"ஏனுங்க அக்கா, இங்கிலீசு எழுத்தெல்லாம் பாத்தாத் தெரியுங்களா? லேபிள் பாக்க ஒரு ஆளு வேணும்."

"பாத்தாத் தெரியாம என்னங்க தம்பி?" என்றேன்.

பார்த்தால் தெரியும்தான். படிக்கத் தெரியும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கம்பெனி முழுக்க நான் லேபிள் அம்மா.

சட்டையின் உள்பக்கத் தையலில் ஒரு சின்ன வெள்ளை நாடா இருக்குமே, என்ன துணி, எப்படித் துவைப்பது, எப்படித் தேய்ப்பது என்றெல்லாம் எழுதி, அதுதான் லேபிள். எங்கள் கம்பெனியில் அதை நாங்களே அச்சடித்தோம். லேபிள் ரூமில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் சாட்டின் நாடா ஓடும் பிரிண்டர், அதற்குப் பக்கத்தில் என் மேசை. கம்ப்யூட்டருக்காக ஏசி போட்டிருந்தார்கள். முதலாளி ரூமை விட்டால் ஏசி உள்ள ரூம் எங்களுடையதுதான். ஒவ்வொரு சைஸுக்கும் நாடா ஓட ஆரம்பித்ததும் முதல் லேபிளை வெட்டி என்னிடம் கொடுப்பார்கள். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சரி என்று ஒப்புக்கொண்டு அனுப்பிய சாம்பிள் லேபிள் என் மேசைமேல் ஒட்டியிருக்கும். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் சீட்டில் கையெழுத்துப் போடுவேன். நான் போடாமல் ஒரு முழம் நாடாகூடத் தையலுக்குப் போகாது.

என் வழி இதுதான். முதல் வரியின் உருவத்தைப் பார்ப்பேன், கடைசி வரியின் உருவத்தைப் பார்ப்பேன். நடுவில் தொட்டி, முக்கோணம், இஸ்திரிப் பெட்டி என்று ஒரு வரிசை படம் இருக்கும். அது எனக்கு மனப்பாடம். பிறகு மொத்தமாக ஒரு பார்வை. எங்காவது ஒரு வரி விட்டிருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். "பல்லு உழுந்தாப்பல இருக்குது, எடுத்துட்டுப் போ" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பேன். லேபிளைக் கையில் எடுக்கும்போது மட்டும் மாட்டுவேன். கண்ணாடி போட்டவளிடம் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

கம்ப்யூட்டரில் இருந்தது ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பாள். வயது இருபத்து மூன்றோ நான்கோ. கல் சிலை செதுக்கும் திருமுருகன்பூண்டியில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். உளிச் சத்தம்தான் எனக்கு அலாரம் என்பாள். ஊரில் அவள் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. தங்கை பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். "பரீட்சை முடிஞ்சதும் அவளையும் உப்பளத்துல இறக்கிருவாங்கம்மா. அதுக்கு முன்னாடி இங்க கூட்டிட்டு வந்து கம்ப்யூட்டர் படிக்க வச்சிரணும்" என்று நாளுக்கு ஒருமுறையாவது சொல்வாள். இரண்டு பேர் தங்க ஒரு ரூம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் துணி போடலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னதான் பண்ற?" என்று கேட்டேன்.

"கல்யாணப் பத்திரிகை அடிக்க பிரஸ்ஸுக்குப் போயிருக்கீங்களாம்மா?"

"அஞ்சு கல்யாணம் பண்ணி வெச்சவ, போகாமயா?"

"அங்க வாசகமெல்லாம் முன்னாடியே தயாரா இருக்கும்லா. பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, தேதி, மண்டபம், இதுக்கு மட்டும் இடம் விட்டிருப்பாங்க. அதே மாதிரி லேபிளுக்கு நான் ஒரு அச்சு எழுதி வச்சிருக்கேன். பருத்தி எத்தனை, சைஸ் என்ன, எந்த நாட்டுக்குப் போவுது, இதெல்லாம் குழி. ஆபீஸ்ல இருந்து வார ஆர்டர் சீட்டைப் பாத்து அந்தந்தக் குழியில அததைக் கொண்டுபோய் வைக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கு."

"அது நீ எழுதுனதா?"

"நானா? எங்கயோ வெளிநாட்டுல ஒருத்தர் எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்கன்னு போட்டிருக்கார்."

"ஓசியா?"

"ஓசிதான்."

"அன்னதானமாட்டன்னு சொல்லு."

"அதேதான். ஆனா அன்னதானத்துல நேத்து சாம்பார் இன்னைக்கு ரசம்னு யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. இவர் சொல்லிருவார். அப்பப்ப எதையாவது மாத்திப் புது வெர்ஷன் விடுவார். விடும்போதெல்லாம் பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம், எது இனிமே முன்ன மாதிரி நடக்காது, போன தடவை தான் பண்ணுன தப்பு என்ன, எல்லாத்தையும் பட்டியலா எழுதிப் போட்டிருவார்."

"தன்ர தப்பையுமா எழுதுவான்?"

"அது இல்லாம பட்டியலே கிடையாது."

"ஓசியாவும் குடுத்துட்டுத் தப்பையும் ஒத்துக்கறானா? பொழைக்கத் தெரியாதவன்" என்றேன். இருவரும் சிரித்தோம். பிறகு எனக்கு ஒரு சந்தேகம். "மாப்பிள்ளை பேரு போட மறந்துட்டா அது என்ன பண்ணும்?"

"அடிக்கவே அடிக்காது. செவப்பாக் கட்டம் போட்டு, மாப்பிள்ளை எங்கன்னு கத்தும். மாப்பிள்ளை வந்தாத்தான் மேளம்."

அந்தக் கத்தலை நானும் கேட்டிருக்கிறேன். ஆபீஸில் ஆர்டர் சீட்டை அரைகுறையாக நிரப்பி அனுப்புவார்கள். டங்கென்று ஒரு சத்தம் வரும், பிரிண்டர் நின்றுவிடும். "இந்தா, மாப்பிள்ளையக் காணோம்" என்பேன். அவள் எழுந்து ஆபீஸுக்குப் போவாள்.

பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. லேபிளில் ஆறு நாட்டு மொழிகள். சில எழுத்துகளுக்குத் தலையில் தொப்பி, சிலதுக்குக் காலில் வால். எங்கள் சாஃப்ட்வேர் அந்த எழுத்து வரும் இடத்திலெல்லாம் கேள்விக்குறியை அடித்துத் தள்ளியது. அதைக் கண்டுபிடித்தது நான்தான். சாம்பிளில் இல்லாத கொக்கிகள் இங்கே எப்படி வந்தன என்று கேட்டேன். "என்னம்மா கண்ணு உங்களுக்கு!" என்று அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். புது வெர்ஷனில் தொப்பி எழுத்தெல்லாம் வருமாம். இரண்டு நாள் உட்கார்ந்து அதை ஏற்றினாள்.

மூன்றாம் நாள் காலையில் நான்காக மடித்த ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். "அம்மா, புது வெர்ஷன் போட்டாச்சு. கொஞ்சம் மாறியிருக்கு. அவர் பட்டியல் இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா இருக்கு. உங்களுக்கு வேண்டியதை மட்டும் தமிழ்ல எழுதியிருக்கேன். படிச்சுட்டு அடியில கையெழுத்துப் போட்டுத் தாங்க. ஆடிட்டுக்கு வாரவங்க கேப்பாங்க."

அப்போது ரூமில் நாடா வெட்டும் பெண்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு பக்க எழுத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, உதடு அசைய அசைய நான் கூட்டிப் படிப்பதா?

"வெச்சுட்டுப் போ கண்ணு. வேலைய முடிச்சுட்டுப் படிச்சுப் போட்டுத் தாறன்."

தாளை இடுப்புச் சுருக்குப்பையில் வைத்தேன். பிரிக்கவில்லை. வீட்டில் படித்தவர்கள் இல்லாமல் இல்லை. மகன் படிப்பான், மருமகள் படிப்பாள். ஆனால் என் மருமகள் அக்கம்பக்கத்தில், "எங்க அத்தை இங்கிலீசு லேபிளே பாத்துச் சொல்றாங்க" என்று பெருமை பேசி வைத்திருந்தாள். அவளிடம் தமிழ்த் தாளை நீட்டிப் படித்துச் சொல் என்பதா?

மறுநாள் அந்தப் பெண் கேட்டாள். "படிச்சீங்களாம்மா?"

"படிச்சுட்டேன் கண்ணு."

"மூணாவதுதான் ரொம்ப முக்கியம்."

"எல்லாமே முக்கியந்தான்" என்றேன்.

"கையெழுத்துப் போட்ட தாளு?"

"ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். நாளைக்குத் தாறன்."

தாள் அப்போதும் இடுப்பில்தான் இருந்தது. இன்னொரு முறை கேட்டாள், இன்னொரு நாளைக்கு என்றேன். பிறகு வேலை நெருக்கடியில் அவளும் கேட்கவில்லை. சுருக்குப்பையில் பாக்கோடும் தைல டப்பியோடும் அந்தத் தாள் கிடந்தது.

அடுத்து வந்தது குழந்தைகள் இரவில் போட்டுத் தூங்கும் உடுப்பு. நான்கு சைஸ். சாம்பிள் லேபிள் பெரிய சைஸுக்கு ஒன்றுதான் வந்திருந்தது. பெரிய சைஸ் இரண்டும் சரியாக ஓடின. அடுத்து சின்ன சைஸ் இரண்டு, ஒரு வயது இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு. முதல் லேபிளை வெட்டிக் கொடுத்தார்கள். முதல் வரி சரி. கடைசி வரி சரி. தொட்டி, முக்கோணம், பெட்டி எல்லாம் சரி. பல் விழுந்த இடம் எதுவும் இல்லை. ஆனால் லேபிளின் அடியில் வெள்ளை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒரு நகக்கண் அளவு.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். சாம்பிளையும் லேபிளையும் இரண்டு தடவை சேர்த்து வைத்தேன். புது வெர்ஷனில் ஏதோ மாறியிருக்கிறது என்றாளே, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் நான்கு எட்டுத் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். "கண்ணு, இங்க வா, இது என்ன?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால், "நான்தான் எழுதிக் குடுத்தேனேம்மா, படிக்கலையா?" என்பாள். நாடா வெட்டும் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கையெழுத்துப் போட்டேன். அழகாகப் போட்டேன்.

சரக்கு கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து போட்டோவோடு மெயில் வந்தது. அந்த நாட்டில் குழந்தைகளின் இரவு உடுப்பில் 'நெருப்புக்குப் பக்கத்தில் போகாதே' என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டுமாம். அங்கே குளிருக்கு வீட்டுக்குள்ளேயே நெருப்பு மூட்டுவார்களாம். பெரிய குழந்தைகள் உடுப்பில் அந்த வரி இருந்தது. சின்னக் குழந்தைகள் உடுப்பில் இல்லை. நல்லவேளை, கடைக்குப் போகும் முன்னால் கிடங்கிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நல்லவேளை என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்தக் குழந்தைகள் நினைவுக்கே வரவில்லை. என் பேர் மட்டும்தான் நினைவில் இருந்தது.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அந்தப் பெண் அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தாள். ஆர்டர் சீட்டில் சின்ன சைஸ் இரண்டுக்கு மட்டும் அந்தக் கட்டத்தை யாரோ நிரப்பாமல் விட்டிருந்தார்கள். நிரப்ப வேண்டியவர் முதலாளியின் மச்சினர். அதனால் அதைப் பற்றி அந்த ரூமில் மேற்கொண்டு பேச்சில்லை.

"முன்னெல்லாம் கட்டம் காலியா இருந்தா நின்னுக்குமில்ல? இப்ப ஏன் நிக்கல?" என்றார் முதலாளி.

"புது வெர்ஷன்ல நிக்காது சார். கீழ உள்ள வரி மேல ஏறி இடத்தை அடைச்சிரும்."

"ஓசி சாப்ட்வேரப் போட்டு என்ர மானத்தக் கப்பலேத்திப்போட்டயே புள்ள."

"காசு குடுத்து வாங்குததுக்கு நான் எழுதிக் குடுத்தேன் சார், நீங்க வேண்டாம்னுட்டீங்க."

"வாய் மட்டும் காது வரைக்கும் இருக்குது. நிக்காதுன்னு தெரிஞ்சா முன்னாடியே சொல்றதில்லையா?"

"சொன்னேன் சார். ஒவ்வொரு சைஸுக்கும் வரியை எண்ணிப் பாக்கணும்னு அம்மாகிட்ட எழுதியே குடுத்திருக்கேன்."

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அக்கா, எழுதிக் குடுத்துச்சுங்களா?"

மூச்சு விடும்போது சுருக்குப்பை வயிற்றில் அழுந்தியது. தாளின் முனை எனக்குத் தெரிந்தது. எடுத்து மேசைமேல் வைத்திருக்கலாம். வைத்தால், ஏன் படிக்கவில்லை என்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"இல்லீங்க தம்பி. எனக்கு ஒரு காயிதமும் வல்லீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அம்மா, மறந்திருப்பீங்க. வீட்டுல வச்சுட்டதாச் சொன்னீங்கள்லா? ஒருக்கா தேடிப் பாருங்களேன்" என்றாள். இறங்கிக்கொள்ள எனக்கு ஏணி வைத்தாள்.

"குடுக்காத காயிதத்த எங்க போயித் தேடறது கண்ணு?" என்றேன். பிறகு முதலாளியைப் பார்த்து, "என்ர ஊட்டுல பொய் சொல்ற பழக்கம் இல்லீங்க தம்பி. அஞ்சு பேர அப்படித்தான் வளத்தியிருக்கறேன்" என்றேன்.

இந்த இடத்தில் பேத்தியின் பேனா நின்றுவிட்டது. என்னை ஏறிட்டுப் பார்க்கிறாள். எழுது என்றேன்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணைக் காட்டினார்கள். சனிக்கிழமையோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர்ப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"போயிட்டு வாரேம்மா."

"வேற கம்பெனி பாத்துட்டயா?"

"இந்தப் பேரோட இங்க யாரு சேப்பாங்க? ஊருக்குத்தான் போறேன்."

"தங்கச்சி?"

"அவளும் அங்கதான இருக்கா" என்று சிரித்தாள். "உங்களுக்கு ஒரு அட்டை ஒட்டி வச்சிருக்கேன். இனிமே அதை வச்சுப் பாருங்க."

அவள் படியிறங்கிய பிறகுதான் பார்த்தேன். கெட்டி அட்டையில் சாம்பிள் லேபிளை ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேனாவால் எண் போட்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினான்கு வரை. எனக்கு எண்கள் நன்றாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எது தெரியாது என்பதும் தெரிந்திருக்கிறது. அதை அன்றைக்கு முதலாளி முன்னால் அவள் சொல்லியிருந்தால் அவள் வேலை தப்பியிருக்கும். அவள் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தாளை முதல்முறையாகப் பிரித்தேன். பக்கம் நிறையச் சின்ன எழுத்தாக இருக்கும் என்று அத்தனை நாள் பயந்திருந்தேன். ஐந்தே விஷயங்கள் இருந்தன. பெரிய பெரிய எழுத்து. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், சிலேட்டில் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதுபோலத் தள்ளித் தள்ளி எழுதியிருந்தாள். எனக்காகவே எழுதியது. கூட்டிக் கூட்டிப் படித்தேன். முடிக்க நான்கு நாள் ஆனது. படிக்க முடியாத தாள் இல்லை அது.

அதை அப்படியே இங்கே எழுதச் சொல்கிறேன்.

'ஒன்று. தொப்பி வைத்த எழுத்தெல்லாம் இனி ஒழுங்காக வரும். கண்டுபிடித்த கண்ணுக்கு நன்றி. இரண்டு. நடுவில் ஒரு வரி இல்லாவிட்டால் கீழே உள்ள வரிகள் மேலே ஏறிவிடும். பல் விழுந்த இடம் தெரியாது. மூன்று. குழி காலியாக இருந்தால் பழையது போல நிற்காது, கத்தாது. மாப்பிள்ளை பேர் இல்லாமலே பத்திரிகை அடித்துவிடும். நான்கு. அதனால் ஒவ்வொரு சைஸுக்கும் வரிகளை எண்ணிப் பாருங்கள். அடியில் வெள்ளை கூடினால் என்னைக் கூப்பிடுங்கள். ஐந்து. பழையபடி கத்த வைக்க இதிலேயே ஒரு வழி இருக்கிறதாம். தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை நீங்கள்தான் காவல்.'

கீழே, கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது. வெறும் கோடு.

வழியைக் கண்டுபிடித்த பிறகு அவள் வெர்ஷனை மாற்றியிருக்கலாமே, அவசரப்பட்டது அவள் தப்புதானே என்று சில காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த ஆள் முதல் வாரத்திலேயே சொன்னார்: அந்த வழியைக் கண்டுபிடித்து, காலிக் குழி வந்தால் கத்தும்படி செய்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். கடைசி வாரம், வேலை போன பிறகு செய்த வேலை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருமுருகன்பூண்டி ஹாஸ்டலுக்குப் போனேன். காலி செய்துவிட்டுப் போய்விட்டாள் என்றார்கள். ஊர் முகவரி கம்பெனி ரெஜிஸ்டரில் இருந்திருக்கும். கேட்டால் எதற்கு என்பார்கள். கேட்கவில்லை. அந்த ஆர்டரில் மிச்சமான உடுப்புகள் லேபிளை வெட்டி எடுத்து, மிச்சச் சரக்கு விற்கும் காதர்பேட்டைக்குப் போயின. கடையில் தொங்கியதை ஒருநாள் பார்த்தேன். மஞ்சள் வாத்துப் படம் போட்ட சின்னஞ்சிறு உடுப்பு. உள்ளே தையலில் நாடா இருந்த இடத்தில் ஒரு நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த அட்டையை வைத்துக்கொண்டு நான் இன்னும் ஆறு வருஷம் அதே ரூமில் வேலை பார்த்தேன். புது சாம்பிள் வந்தால் அதேபோல நானே எண் போட்டு, ஒவ்வொரு லேபிளுக்கும் வரியை எண்ணினேன். ஒரு தப்பும் வரவில்லை. லேபிள் அம்மா மாதிரி யாரும் வராது என்று சொல்லித்தான் மாலை போட்டு அனுப்பினார்கள். கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

போன வருஷம் அவினாசியில் ஒரு கல்யாணத்தில் பழைய முதலாளியைப் பார்த்தேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்குச் சொல்வது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். லேபிள் ரூம், அந்தப் பெண், தாள், எனக்குப் படிக்கத் தெரியாதது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தப் புள்ளைங்க அக்கா?" என்றார் அவர்.

"தூத்துக்குடிப் பக்கத்துப் புள்ளைங்க. புது வெர்ஷன் போட்டு, சின்னப் புள்ளைங்க உடுப்புல..."

"ஞாபகமே இல்லீங்களே. கம்பெனியே மூடியாச்சு, எத்தனையோ பேரு வந்தாங்க போனாங்க. அதப் போயி இன்னும் நெனச்சுட்டு இருக்கீங்களா? உடுங்க. பந்தி போட்டுட்டாங்களாட்ட, வாங்க சாப்பிடலாம்."

சாப்பிட்டேன். இலையில் என்ன வைத்தார்கள் என்று தெரியாது. அவருக்கு மறந்துபோனது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. தண்டனை கொடுத்தவருக்கே நினைவில்லை என்றால், அவள் செய்யாத தப்பு அவள் பேரில் அப்படியே நின்றுவிட்டது. திருத்த வேண்டியவள் நான் ஒருத்திதான் மிச்சம். அந்த முகம் தெரியாத வெளிநாட்டுக்காரன் ஓசியாகக் கொடுத்ததற்கே தன் தப்பைப் பட்டியல் போட்டு ஊருக்குக் காட்டினான். அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று சொல்லிச் சிரித்தவள் நான்.

இது அவள் கண்ணில் படுமா என்று தெரியாது. பேர் போடாவிட்டாலும் அந்த ஐந்து விஷயங்களைப் படித்தால் அவளுக்குத் தெரியும். கண்ணு, தாள் எனக்கு வந்தது. நீ கொடுத்தாய். நான் படிக்கவில்லை, படித்தேன் என்றேன், வரவே இல்லை என்றேன். நீ போட்ட கோட்டுக்கு மேலே நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிப்போய்விட்டது.

அவ்வளவுதான். பேத்தி பேனாவை மூடுகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வந்திருக்குதுங்க அம்மாயி, எங்கம்மாட்டக் காட்டலாங்களா?" என்கிறாள். எனக்கு அவள் மேல் நம்பிக்கை உண்டு. பாசமும் உண்டு, அவளுக்கும் என்மேல் உண்டு. பயம் அதுதான்.

"இரு கண்ணு. மொதல்ல இருந்து படி. எனக்கு நோகும்னு நெனச்சு எங்கயாச்சும் ஒரு வரிய நீ உட்டிருந்தீன்னா, கீழ இருக்கறது மேல ஏறிக்கும், எனக்குத் தெரியாமப் போயிரும். ஒவ்வொரு வரியா நிறுத்திப் படி. நான் எண்ணிக்கறேன்."